முட்டை உடையாமல், அழுக்காகாமல் கிடைக்க: குமரி மாவட்டத்தில் வீட்டுக்கோழி வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஐந்தாறு கோழி நிற்கிறது, முட்டையும் இடுகிறது. ஆனால் எடுக்கப் போனால் ஒன்றில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஒன்றில் மயிரிழைக் கீறல், இன்னொன்று உடைந்து வைக்கோலெல்லாம் மஞ்சள் கரு. மழைக்காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கோழி வளர்க்கிற பல வீடுகளில் இதே பாடுதான். உடனே எல்லோருக்கும் முட்டைப் பெட்டி மேல்தான் சந்தேகம் வரும். ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுப் பெட்டி செய்வார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் பழைய கதை.

முட்டை கெடுவது பெட்டிக்குள்தான் என்றாலும், அதற்கான காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. முந்தின இரவு கோழி எங்கே தூங்கியது, காலையில் எந்தச் சேற்றை மிதித்து வந்தது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெட்டி நான்காவதாகத்தான் வரும். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. முதலில் ஒரு வாரம் முட்டையை மட்டும் கவனியுங்கள்

எதையும் மாற்றாமல், கிடைக்கிற முட்டை ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என்ன குறை என்று முட்டையே காட்டிக்கொடுக்கும்.

செம்மண் நிறத்தில் கோடு கோடாகவோ விரல் பதிந்த மாதிரியோ அழுக்கு இருந்தால், அது கோழியின் காலிலிருந்து வந்த சேறு. வெள்ளையும் பச்சையுமாகக் கெட்டியாக அப்பியிருந்தால் கோழி பெட்டிக்குள்ளேயே எச்சம் இட்டிருக்கிறது, அதாவது அங்கேதான் தூங்குகிறது. எச்சம் தண்ணீராகப் பரவிக் காய்ந்திருந்தால் கோழிக்குக் கழிச்சல் இருக்கலாம். பின்பக்க இறகு ஒட்டிப்போயிருக்கிறதா என்று கோழியைப் பிடித்துப் பாருங்கள். இளங்கோழியின் முதல் சில முட்டைகளில் மெல்லிய இரத்தக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில நாளில் தானாகச் சரியாகும். விடாமல் வந்தால் மட்டும் கோழியின் பின்புறத்தைப் பாருங்கள். மற்ற கோழிகள் கொத்தியிருக்கக் கூடும்.

உடைந்த முட்டையும் இப்படித்தான். ஓடு சப்பென்று உள்ளே அமுங்கியிருந்தால் கோழி மிதித்திருக்கிறது, அல்லது படுக்கை போதவில்லை. கொத்திய ஓட்டை இருந்து, சுற்றிலும் மஞ்சள் கரு ஒழுகி, ஓட்டுத் துண்டுகள் கிடந்தால் கோழியோ காகமோ கொத்தியிருக்கிறது. ஓடு விரலால் அழுத்தினாலே அமுங்குகிற மாதிரி மெலிந்திருந்தால் குறை கோழியின் உடம்பில். ஓட்டுத்துண்டுகூட இல்லாமல் முட்டை மொத்தமாகக் காணவில்லை என்றால் சாரைப்பாம்பையோ எலியையோ சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கீறலும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நம்மூர்க் கிழவிகள் செய்கிற வேலை இன்றைக்கும் நம்பகமானது. இரண்டு முட்டையைக் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டி உருட்டுவார்கள். நல்ல முட்டை ‘டிக் டிக்’ என்று கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது ‘டொக்’ என்று மங்கிக் கேட்கும். சந்தேகமாக இருந்தால் இருட்டில் டார்ச் லைட்டை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீறல் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

2. கோழி பெட்டிக்குள் தூங்குவதை நிறுத்துங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இதை மட்டும் சரிசெய்தாலே எச்சம் ஒட்டிய முட்டை வெகுவாகக் குறைந்துவிடும்.

கோழி இரவு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து எச்சம் இடும். பெட்டிக்குள் தூங்கினால் விடியும்போது படுக்கையில் ஒரு குவியல் கிடக்கும். காலையில் முட்டையிட வருகிற கோழி அதன்மேல்தான் உட்கார வேண்டும். ஆறு கோழியில் ஒன்றே ஒன்று பெட்டியில் தூங்கினாலும் போதும், மற்ற ஐந்தின் முட்டையும் அழுக்காகும்.

சாயங்காலம் கோழி அடைகிற நேரத்தில் கூட்டுப்பக்கம் சற்று நேரம் நில்லுங்கள். கோழிகள் கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். ஒரு கால் வைக்கும், தயங்கும், மறுபடி பார்க்கும், பிறகு தாவும். கூட்டுக்குள் இருப்பதிலேயே உயரமான இடம் எதுவோ அதைத்தான் தேடுகிறது. உங்கள் கூட்டில் அந்த உயரமான இடம் முட்டைப் பெட்டியாக இருந்தால் அது அங்கேதான் தூங்கும், திட்டிப் பயனில்லை.

ஆகவே கோழி அடையும் கம்பு, முட்டைப் பெட்டியைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு அங்குலப் பருமன் உள்ள, முனை மழுங்கிய கம்பு போதும். பெரிய கோழிக்குப் பத்து அங்குலம், சிறுவிடைக்கு எட்டு அங்குலம் என்று இடம் கணக்கிடுங்கள். இடம் போதாமல் போனால் கூட்டத்தில் வலுக் குறைந்த கோழி விரட்டப்பட்டு, ஒண்டுவதற்குப் பெட்டிக்குத்தான் வரும். கம்பு பெட்டிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது.

பெட்டியின் மேற்கூரை தட்டையாக இருந்தால் அதன்மேல் ஏறி உட்காரும். நல்ல சாய்வாக ஒரு பலகை அடித்துவிடுங்கள், கால் நிற்காமல் வழுக்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழகிப்போன கோழி பெட்டியை விடாது. மதியத்துக்கு மேல் முட்டையிடுவது குறைவு என்பதால், சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்குப் பெட்டி வாயைச் சாக்கால் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு கோழி கண் தெரியாமல் அசையாது, அப்போது போய்ச் சாக்கை எடுத்துவிடலாம். விடியற்காலையில் எழுந்து திறக்க வேண்டிய வேலையும் இல்லை. கொஞ்ச நாளிலேயே கம்பு பழகிவிடும்.

குஞ்சாக இருக்கும்போதே தாழ்வான கம்பு வைத்துப் பழக்கினால் இந்தச் சிக்கலே வராது. முட்டையிடத் தொடங்கும் வரை பெட்டியை மூடியே வைத்திருங்கள்.

3. காலில் சேறு இல்லாமல் வரச் செய்யுங்கள்

மற்ற மாவட்டங்களுக்காக எழுதிய கோழி வளர்ப்புக் குறிப்புகளில் இது ஒரு வரியில் முடிந்துபோகும். நமக்கு அப்படி இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர்த் தோட்டத்து நிழலில் மண் காயவே நாளாகும். செம்மண் சேறு கோழியின் விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு நேராகப் பெட்டிக்குள் வருகிறது.

கூட்டு வாசலுக்கு முன்னால் குறைந்தது நான்கைந்து அடி நீளத்துக்குச் சேறு இல்லாத பாதை வேண்டும். நம்மிடம் இதற்குக் கைவசம் இருக்கிற நல்ல பொருள் தேங்காய்க் கதம்பல், அதாவது தேங்காய் உரித்த மட்டை. வெளித்தோல் பக்கம் கீழேயும் தும்பு, அதாவது நார் உள்ள பக்கம் மேலேயுமாக நெருக்கி அடுக்குங்கள். கோழி அதன்மேல் நடந்து வரும்போது தும்பு காலைத் துடைத்துவிடும். மக்கி நொறுங்கத் தொடங்கியதும் அள்ளித் தென்னை மூட்டில் போட்டுவிட்டுப் புதியதை அடுக்கலாம். கதம்பல் கிடைக்காத இடத்தில் சல்லி பரப்பி, அதன்மேல் கொஞ்சம் பாறைப்பொடி தூவலாம்.

கூட்டுக்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் கூட்டு ஓரத்தில் விழுந்து தெறிக்கிறதா என்று ஒருநாள் மழையில் நின்று பாருங்கள். தெறித்தால் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைப் பெட்டிக்கு அருகில் வைக்கவே கூடாது. கோழி கிண்டிக் கொட்டி அந்த இடத்தை ஈரமாக்கிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. அடைமழை நாட்களில் பத்து, பதினொரு மணி வரை கோழியைக் கூட்டைவிட்டுத் திறக்காதீர்கள். உள்ளேயே தீனி கொடுங்கள். பெரும்பாலான முட்டை காலையிலேயே வந்துவிடும் என்பதால், சேறு மிதிக்கும் முன்பே முட்டை கைக்கு வரும்.

4. இப்போது பெட்டி

நாட்டுக்கோழிக்கு ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், 14 அங்குல உயரம் தாராளம். கிரிராஜா, வனராஜா மாதிரிப் பெரிய உடம்புக் கோழிக்கு எல்லாப் பக்கமும் 14 அங்குலம் கொடுங்கள். அதைவிடப் பெரிதாகச் செய்தால் இரண்டு கோழி ஒன்றாக நுழைந்து சண்டையிடும், முட்டை மிதிபடும்.

நான்கு கோழிக்கு ஒரு பெட்டி என்பது பொதுக்கணக்கு. மூன்றே கோழி இருந்தாலும் இரண்டு பெட்டி வைப்பது நல்லது. எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாக் கோழிக்கும் ஒரே பெட்டிதான் பிடிக்கும். ஒன்று உள்ளே இருக்க, இன்னொன்று வெளியே கேறிக்கொண்டே நிற்கும், கடைசியில் பொறுக்காமல் மேலேயே ஏறி உட்காரும். ஒரு பெட்டிக்கு மட்டும் கூட்டம் என்றால் மற்றதில் என்ன குறை என்று பாருங்கள். வெளிச்சம் அதிகமாக இருக்கும், காற்று அடிக்கும், அல்லது செள் (கோழியைக் கடிக்கும் சிறு பூச்சி) இருக்கும்.

வாயில் நான்கு, ஐந்து அங்குல உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் படுக்கை வெளியே வந்து முட்டையும் உருண்டு விழும். பெட்டி தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் இருக்கட்டும். நேராக உள்ளே குதிக்காமல் இருக்க, வாய்க்கு முன்னால் ஒரு கம்பு கட்டுங்கள். அதில் ஏறி நின்று மெதுவாக உள்ளே இறங்கும், காலில் மீதமிருக்கும் மண்ணும் அங்கேயே உதிரும்.

கொஞ்சம் இருட்டாக இருந்தால்தான் கோழிக்குப் பிடிக்கும். பாதி வாயை மறைத்து ஒரு சாக்குத் துண்டைத் தொங்கவிடலாம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து வீடுகளில் பெட்டி வாய் மேற்கு பார்த்து இருக்கக் கூடாது. ஆடிக் காற்றில் வைக்கோல் ஒன்றுகூட உள்ளே தங்காது.

பழைய பனையோலைக் கடவம் (பெரிய கூடை), காய்கறி வரும் பிளாஸ்டிக் கிரேட் எதுவானாலும் பெட்டியாகும். கிரேட் என்றால் அடியில் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போடுங்கள். படுக்கை விலகினாலும் முட்டை கடினமான தரையில் இடிக்காது. கடவத்தில் ஒரு குறை, ஓலை இடுக்கில் செள் குடியேறினால் ஒழிப்பது கஷ்டம். அதை அடிக்கடி வெயிலில் போட வேண்டும்.

5. படுக்கைக்கு என்ன போடலாம்

எதைப் போட்டாலும் மூன்று அங்குலக் கனம் வேண்டும். கோழி முட்டையிடும்போது பாதி எழுந்து நிற்கும், முட்டை சில அங்குலம் கீழே விழும். படுக்கை நடுவில் விலகிப் பலகை தெரிந்தால் கீறல் நிச்சயம். தினமும் முட்டை எடுக்கும்போது கையால் நடுவை நிரப்பிவிடுங்கள்.

வைக்கோல் நாஞ்சில் நாட்டில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் எந்தப் பூவின், அதாவது எந்த நெல் போகத்தின் வைக்கோல் என்று பாருங்கள். கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனி வெயிலில் வருவதால் அந்த வைக்கோல் நன்றாகக் காய்ந்திருக்கும். கன்னிப்பூ அறுவடையில் மழை குறுக்கிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பூசணம் கோழியின் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், முட்டையிலும் வாடை ஏறும். கும்பப்பூ வைக்கோலை எடுத்து மழைபடாமல் வைத்துக்கொண்டால் பெட்டிக்கு உதவும். அரை அடி நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள்.

மரம் இழைக்கிற இடத்தில் கிடைக்கும் சீவல் மிக நல்லது. ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் அமுங்காது. ரம்பத்தூள் வேண்டாம், பறக்கும், ஈர முட்டையில் ஒட்டும். காய்ந்த வாழைச்சருகும் நன்றுதான், ஆனால் இரண்டு நாளில் நொறுங்கிவிடும்.

தும்பு நீளமாக இருந்தால் கோழி விரலில் சுற்றிக்கொள்ளும். பிறகு கோழி எழும்போது முட்டையையும் இழுத்துக்கொண்டு வரும். நறுக்கி மட்டும் போடுங்கள். ஈத்தாமொழி பக்கத்தில் கயிறு ஆலைகளில் கிடைக்கும் நார்க்கழிவுத் தூளைப் பெட்டியில் போடாதீர்கள். தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும், முட்டையில் பழுப்புக் கறை ஏறும். கூட்டுத் தரைக்கு, அதுவும் வெயில் காலத்தில், போடலாம்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை படுக்கையை மொத்தமாக மாற்றுங்கள். ஒரு முட்டை உடைந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும்.

6. காலையில் இரண்டு தடவை எடுங்கள்

எட்டு மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, மதியத்துக்கு மேல் கடைசியாக ஒரு பார்வை. பெட்டியில் முட்டை சேரச் சேர மிதிபடுவதும் கூடும், கொத்துவதும் கூடும்.

7. ஓட்டுக்கு வலு

முட்டை உருவாக ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போகிறது, பெரும்பகுதி இரவில். ஒரு முட்டையோட்டில் இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), புட்டு மிச்சம் என்று போட்டால் வயிறு நிறையும், அந்த இரண்டு கிராம் எங்கிருந்து வரும்? கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சில நாளில் ஓடு மெலியும்.

நம் கடற்கரையில் இதற்கு மருந்து கிடக்கிறது. குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் பாறையில் எடுக்கிற சிப்பியின் ஓடு. சதை எடுத்த ஓட்டை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, அரிசி குருணை அளவுக்கு இடியுங்கள். மாவாக்க வேண்டாம். குருணை அளவில் இருந்தால் இரைப்பையில் தங்கி, இரவில் ஓடு கட்டும் நேரத்தில் மெதுவாகக் கரையும். சாயங்காலத் தீனியோடு, ஆனால் தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்குக் கொத்திக்கொள்ளும். தீனியில் கலந்தால் குஞ்சும் இளங்கோழியும் தின்னும். அதிகக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டு முட்டையோட்டையும் வறுத்துப் பொடித்துக் கொடுக்கலாம். உருத் தெரியாமல் நொறுக்கிவிடுங்கள்.

கருவாட்டுத் தலை, மீன் கழிவு கொடுக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உப்பு கூடினால் கோழி நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகும், முட்டை அழுக்காகும். கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்காமல் போடாதீர்கள்.

பங்குனி, சித்திரையில் ஓடு மெலிந்தால் வெயிலும் காரணம். கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துபோகும். ஓடு கட்ட அதுவும் வேண்டும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. வயதான கோழியின் முட்டை பெரிதாகவும் ஓடு மெல்லியதாகவும் வருவது இயற்கை.

இதையெல்லாம் செய்தும் ஓடில்லாத தோல்முட்டை, கோணல் முட்டை என்று தொடர்ந்து வந்தாலோ, கூடவே தும்மல், கழிச்சல் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். கோழிகளின் மூச்சுக்குழாய் நோயும் வெள்ளைக்கழிச்சலும் இப்படித்தான் காட்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுத்தால் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வராது. திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

8. முட்டை தின்னும் கோழி

உடைந்த முட்டையை நக்கிப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் வரும். ஒன்று பழகினால் மற்றதும் பார்த்துப் பழகும். அலகில் மஞ்சள் கரு காய்ந்திருக்கும் கோழிதான் ஆள்.

முட்டைக்குள் மிளகாய்ப்பொடி வைத்தால் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். நிற்காது. பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது. நம் தோட்டத்தில் காந்தாரி மிளகாயை விதைத்துவிடுவதே பறவைகள்தானே.

பலன் தருவது போலி முட்டை. ஆசாரியிடம் மரத்தில் கடைந்து வாங்குங்கள், அல்லது காலி ஓட்டில் சிமெண்ட் ஊற்றி இறுகவிடுங்கள். பெட்டிக்கு இரண்டு போட்டால் கொத்திக் கொத்தி அலுத்துப்போகும். விறகுப்புரையிலும் வாழை மூட்டிலும் ஒளிந்து முட்டையிடும் கோழியைப் பெட்டிக்குப் பழக்கவும் இதே போலி முட்டைதான் உதவும். கூடவே தீனியில் புரதம் கூட்டுங்கள். புண்ணாக்கு, உப்பு நீக்கிய மீன், கறையான் எதுவானாலும் சரி.

அதற்கும் அடங்காவிட்டால் சரிவுப் பெட்டி. அடிப்பலகையை ஒரு அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று பின்பக்கம் சரித்து, மேலே ரப்பர் பாய் ஒட்டி, பின்சுவரின் அடியில் முட்டை நழுவும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். முட்டை விழுந்ததும் உருண்டு பின்னால் உள்ள மெத்தென்ற தட்டுக்குப் போய்விடும். அழுக்கும் ஒட்டாது. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பத்துக் கோழிக்கு மேல் வைத்திருப்போர் முதலிலேயே இதைச் செய்துவிடலாம்.

9. அடைக்கோழி, செள், எலி

அடையில் உட்கார்ந்த கோழி பெட்டியை விட்டு எழாது, மற்றவை அதன்மேல் ஏறி முட்டையிடும். அடை வைப்பதானால் தனிக் கடவத்தில், தனி இடத்தில் வையுங்கள். வேண்டாம் என்றால் அடிப்பக்கம் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தண்ணீரும் தீனியும் கொடுத்து வைத்தால் அடை தெளியும்.

கோழி திடீரென்று பெட்டியை ஒதுக்கினால் இரவில் டார்ச் அடித்துப் பலகை இடுக்கைப் பாருங்கள். செள் பகலில் ஒளிந்து இரவில் கடிக்கும். படுக்கையை எரித்துவிட்டு, கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் இடுக்கில் வேப்பெண்ணெய் தடவுங்கள்.

எலியும் பாம்பும் வராமல் இருக்க அரை அங்குலக் கண்ணி உள்ள கம்பி வலைதான் வழி. கோழிவலையின் பெரிய கண்ணி வழியாகச் சின்னப் பாம்பு நுழைந்துவிடும். இரவில் தீனி மிச்சம் வைக்காதீர்கள். எலி வந்தால் அதன் பின்னால் சாரை வரும்.

10. அழுக்கான முட்டையை என்ன செய்வது

முட்டை வெளியே வரும்போது அதன்மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்கும். சற்று நேரத்தில் காய்ந்து ஓட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும். கழுவினால் அந்தப் படலம் போய்விடும். ஆகவே லேசான அழுக்கைக் காய்ந்த துணியாலோ தும்பாலோ துடைத்துவிட்டால் போதும்.

கழுவியே ஆகவேண்டும் என்றால் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில், ஊறவைக்காமல், ஒவ்வொன்றாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, துளை வழியாக அழுக்கு நீரை உறிஞ்சும். கழுவிய முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, முதலில் அதையே எடுத்துச் சமையுங்கள்.

மயிரிழைக் கீறல் உள்ளதை அன்றைக்கே நன்றாக வேகவைத்துத் தின்னலாம். உள்ளே சவ்வு கிழிந்து ஒழுகுவதை உண்ண வேண்டாம். அடை வைக்க எடுத்துவைக்கும் முட்டையைக் கழுவவே கூடாது. சுத்தமானதை மட்டும் தேர்ந்தெடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடையில் வையுங்கள். இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உள்ளே இறங்கும்.